கடைமடைக்கு மணல் எங்கே?

சென்னையில் வேலைக்குப் போய் வரும் தொழிலாளிகளுக்குப் பீச் ஸ்டேஷனைத் தெரியாமல் இராது. ரயிலை விட்டு இறங்கிக் கிழக்கே பார்த்தால் அங்கே கடற்கரை இல்லை. துறைமுகத்தின் மதிலும் கிரேன்களும்தான் தெரிகின்றன. பெயர் மட்டும் பழைய கரையை ஞாபகப்படுத்திக் கொண்டு நிற்கிறது. அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் மெரீனா. சாலையிலிருந்து புறப்பட்டு அலையில் கால் நனைப்பதற்குள் நடந்து ஓய்ந்து போகிறோம், அவ்வளவு மணல். அதே ஸ்டேஷனிலிருந்து வடக்கே போனால் ராயபுரம், காசிமேடு, அதற்கப்பால் திருவொற்றியூர், எண்ணூர். அங்கே பல இடங்களில் மணலே இல்லை. சாலையோரத்தில் கருங்கற்களை மலைபோல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல்தான் அலை வந்து மோதுகிறது.

ஒரே கடல், ஒரே காற்று, ஒரே புயல். தெற்கே மணல் குவிவதும் வடக்கே மண் கரைவதும் எப்படி? அதிகாரிகளைக் கேட்டால் "இயற்கையின் சீற்றம்" என்பார்கள். குப்பத்துக் கிழவிகளோ "கடலம்மாவுக்குக் கோபம்" என்பார்கள். கிழவிகள் சொல்வதையாவது மன்னித்து விடலாம். அவர்களிடம் வரைபடமும் இல்லை, எஞ்சினீயரும் இல்லை. அதிகாரிகளிடம் இரண்டும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதியைத் தெரியாததுபோல் பேசுவதை நாம் ஏற்க முடியாது.

கடற்கரை என்பது ஆண்டவன் கோடு போட்டு வைத்த எல்லை அல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னால், பூமியின் வடபாகத்தில் பெரும்பகுதி பனிக்கட்டியில் மூடிக் கிடந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிற்று, கடல் ஏறிற்று. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு ஆறுகள் வேலையைத் தொடங்கின. மேற்கே மலைகளில் வெயிலும் மழையும் பாறையை உடைத்தன. காவிரியும் பாலாறும் பெண்ணையும் அந்தப் பொடியைச் சுமந்து வந்தன. நயமான வண்டல் வயலாயிற்று. கொரகொரப்பான மணல் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போயிற்று. தஞ்சைச் சீமையில் நாற்று நடும் பெண்ணின் காலடியில் இருக்கும் சேறும், அவளுடைய ஊருக்குக் கிழக்கே கடலோரத்தில் கிடக்கும் மணலும் ஒரே ஆறு கொண்டு வந்த சரக்குத்தான்.

கடலுக்குப் போன மணல் சும்மா கிடப்பதில்லை. இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி, ஏறக்குறைய மார்ச் மாதம் தொடங்கி அக்டோபர் வரை, அலை தென்கிழக்கிலிருந்து வருகிறது. அது கரையில் நேராக மோதுவதில்லை, சாய்ந்து மோதுகிறது. மேலே ஏறும்போது மணலைச் சாய்வாக வடக்குப் பக்கம் தள்ளிக் கொண்டு ஏறுகிறது. இறங்கும்போதோ தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக வழிந்து விடுகிறது. ஆகவே அலை ஒரு தடவை ஏறி இறங்கினால், மணல் புறப்பட்ட இடத்திலிருந்து சற்று வடக்கே நகர்ந்திருக்கும். கரையோரத்தில் ஒரு சவுக்குக் குச்சியைப் போட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்தில் அது வேறு குப்பத்துக்குப் போய்ச் சேரும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அலைகள். அலை உடையும் இடத்தில் உண்டாகும் நீரோட்டமும் கூடவே இழுக்கிறது. வாடைக் காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இதெல்லாம் திரும்பி மணல் தெற்கே நடக்கிறது. ஆனால் அது குறைந்த காலம். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது.

விவசாயத் தொழிலாளிக்கு வாய்க்காலைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தலைமடைக்காரன் மடையை அடைத்துக் கொண்டால் கடைமடைக்காரன் வயல் வெடித்துப் போகும். அதற்காக வானத்தைப் பார்த்துத் திட்டி என்ன பிரயோஜனம்? கடற்கரையும் இப்படி ஒரு வாய்க்கால். அதில் ஓடுவது மணல். ஒவ்வொரு குப்பத்தின் கரையும் தெற்கேயிருந்து வரும் மணலை வாங்கி வடக்கே கொடுத்துக் கொண்டிருக்கிறது. வரவும் செலவும் சரியாக இருந்தால் கரை நிற்கும். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால், கரை தன் முதலையே தின்று தீர்க்கும்.

அந்த மடையை அடைத்தது யார்?

1875-ல் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு அடிக்கல் நாட்டி, வெள்ளைக்கார சர்க்கார் சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கிற்று. இயற்கையான துறை இல்லாத நேரான கரை அது. கப்பல் வெகு தூரத்தில் நிற்கும். நமது படகோட்டிகள் மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்க வேண்டும். பஞ்சும் தோலும் விரைவாகச் சீமைக்குப் போக வேண்டும் என்ற வியாபாரிகளின் அவசரத்தில், கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போல் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றை நொறுக்கிப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். தெற்குக் கையின் மேல் மணல் வந்து சாய்ந்து கொண்டே இருந்தது. முதலில் துறைமுகத்தின் வாசல் கிழக்கு நோக்கி இருந்தது. மணல் அந்த வாசலையே அடைக்க வந்ததும், பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் 1904-ல் பொறுப்பேற்ற பிறகு, அதை மூடிவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் வைத்தார்கள். துறைமுகத்தின் வாசலைக் காப்பாற்ற எவ்வளவு அக்கறை! வாசலைத் தாண்டி வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லையே, அங்கே இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்க அன்று யாரும் இல்லை. அங்கே இருந்தவர்கள் கட்டுமரக்காரர்களும் கூலிகளும்தானே!

தெற்கே கதை வேறு. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கிழக்குச் சுவருக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. துறைமுகச் சுவர் எழுந்ததும் நின்று போன மணல் தெற்கே குவிந்து கரை அகன்றது. கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து 1884-ல் மெரீனா என்று பெயர் வைத்தார். இன்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்கும் அந்த அகலத்தில் பெரும்பகுதி துறைமுகம் தடுத்து நிறுத்தியதால் சேர்ந்ததுதான்.

இங்கே நம் மனத்தில் ஒரு நினைவு எழுகிறது. 1923 மே முதல் தேதி, இந்த நாட்டில் முதன்முதலாக மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடினார். ஒரு கூட்டம் ஹைகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில். இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். மீனவ சமூகத்தில் பிறந்தவர் அவர். அவருக்கு நிற்க இடம் கொடுத்த அந்த மணல், வடக்கே அவருடைய சமூகத்தாரின் குப்பங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் அல்லவா? அந்த மணலில் இன்று உழைப்பாளர் சிலையும் இருக்கிறது. 1959-ல் வைத்தது, நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். வடசென்னையில் ஐம்பது வருஷமாக நடப்பதும் அந்த வேலைதான், பாறையை நெம்பிக் கடலில் போடுவது!

அந்தப் பாறைகளைப் பற்றித்தான் அடுத்துச் சொல்ல வேண்டும். கடல் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஜனங்கள் மறியல் செய்கிறார்கள். மந்திரி வருகிறார். "உடனே கல் கொட்டப்படும்" என்கிறார். லாரிகள் வருகின்றன. கல் குவாரிக்காரருக்கும் காண்டிராக்டருக்கும் பட்டுவாடா ஆகிறது. கல்லுக்குப் பின்னால் இருக்கும் சாலை சில காலம் பிழைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லுக்கு முன்னால் என்ன நடக்கிறது? சாய்வான மணல் கரையில் அலை ஏறி, ஏறி, தன் பலத்தை இழந்து திரும்பும். கல்லில் மோதும் அலை பலம் முழுவதையும் இழக்காமல் எகிறித் திரும்புகிறது; திரும்பும்போது கல்லின் அடியில் எஞ்சியிருக்கும் மணலையும் பறித்துக் கொண்டு போகிறது. கல் கீழே இறங்குகிறது. இன்னும் கல் கொட்ட வேண்டும். கல் முடியும் இடத்தில் அலையின் முழு வேகமும் பக்கத்துக் குப்பத்தைத் தாக்குகிறது. பிறகு அங்கே மறியல், அங்கே மந்திரி, அங்கே லாரி.

கரை போனால் மீனவனுக்கு வீடு மட்டுமா போகிறது? படகை ஏற்றி வைக்க இடமில்லை. கல்லில் மோதினால் ஃபைபர் படகு பிளந்து போகும். கரைவலை இழுக்க இடமில்லை. வலை பின்ன, கருவாடு காயவைக்க இடமில்லை. தார் ரோட்டின் ஓரத்தில் கருவாடு காயவைக்கும் பெண்கள் லாரிச் சக்கரத்துக்கு நடுவே பிழைப்பு நடத்துகிறார்கள். ஆலையில் யந்திரத்தைப் பிடுங்கிக் கொண்டு கட்டடத்தை மட்டும் தொழிலாளிக்கு விட்டு வைத்தால் எப்படி இருக்கும்? குப்பத்துக்குக் கடற்கரைதான் தொழிற்சாலை.

தூண்டில் வளைவைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுவோம். பல குப்பங்கள் அதைத்தான் கேட்கின்றன, நம்முடைய சங்கங்களும் சில இடங்களில் கேட்டிருக்கின்றன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசை அது. தெற்குப் பக்கம் மணலைப் பிடித்து வைக்கும். ராயபுரத்துக்கு வடக்கே 2000-க்குப் பிறகு போட்ட வளைவுகளுக்கு இடையில் ஓரளவு மணல் தங்கியது உண்மை. எல்லாம் இழந்து நிற்கிறவன் அதையாவது கொடு என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை, வழியில் போகிறதை நிறுத்திக் கொள்கிறது, அவ்வளவுதான். இந்தக் குப்பத்தின் வளைவு நிரம்புகிற வரையில் வடக்குக் குப்பம் பட்டினி. பிறகு அவர்கள் ஒரு வளைவு கேட்பார்கள், அதற்கு வடக்கே இன்னொருவர். கடைசியில் குப்பமும் குப்பமும் சண்டை போட்டுக் கொள்ளும். மடையை அடைத்தவனை யாரும் கேட்க மாட்டார்கள். ஆளுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

சென்னையாவது வெள்ளைக்காரன் செய்தது என்று சொல்லலாம். புதுச்சேரியை என்ன சொல்வது? அங்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980-களின் இறுதியில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். சென்னையின் நூறு வருஷ அனுபவம் கண்முன்னே இருந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். சுவர் எழுந்தது, மணலை எடுத்துப் போடும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. சில வருஷங்களில் நகரத்தின் பெயர் பெற்ற கடற்கரை காணாமற் போயிற்று. கல் சுவர் வைத்தார்கள். நகரம் தப்பியது, அரிப்பு வடக்கே நகர்ந்து அடுத்த குப்பங்களைப் பிடித்தது. அங்கே கல் வைத்தார்கள். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் தந்திராயன்குப்பத்தையும் பொம்மையார்பாளையத்தையும் பிடித்தது. மணலுக்குப் புதுச்சேரி எல்லை எது, விழுப்புரம் எல்லை எது என்று தெரியாது. சர்க்கார்களுக்கு மட்டும் அது நன்றாகத் தெரிகிறது. ஒருவர் கட்டிய சுவருக்கு மற்றவர் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று தர்க்கம் பேசுகிறார்கள்.

2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்து எஞ்சினீயர்கள் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் எஃகு அமைப்பு ஒன்றை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து, போன மணல் அங்கே திரும்பி வந்து சேர்ந்தது. நம் நாட்டு எஞ்சினீயர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் திறமை முதலில் தலைமைச் செயலகத்துக்கு எதிரேதான் போய் நின்றது என்பதையும் குப்பத்து ஜனங்கள் கவனித்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ட்வீட் என்று ஓர் ஆறு. அதன் முகத்துவாரத்தில் 1960-களின் தொடக்கத்தில் இரு பக்கத்துச் சுவர்களையும் கடலுக்குள் நீட்டினார்கள். அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் நடக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், வடக்கே குயின்ஸ்லாந்து. நம் சென்னை, புதுச்சேரிக் கதை அப்படியே அங்கு நடந்தது. குயின்ஸ்லாந்தின் கரை தேய்ந்தது. ஆனால் அந்த இரண்டு மாநில சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்து சட்டமும் போட்டு, செலவைப் பங்கிட்டுக் கொண்டன. தெற்கே கடலுக்குள் ஒரு பாலம் அமைத்து, அதிலிருந்து பம்புகளைக் கீழே இறக்கி, மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, ஆற்றின் அடியில் போகும் குழாய் வழியாக வடக்கே கொண்டு போய்க் கொட்டுகிறார்கள். 2001 முதல் இது நடந்து வருகிறது. வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். பத்து கன மீட்டர் கொள்ளும் லாரியில் ஏற்றினால் 50,000 லோடு! அங்கே வடக்கே இருப்பது பெரிய உல்லாசப் பயண நகரம், ஓட்டல்களின் சொர்க்கம். அதனால் சர்க்காரின் காது திறந்து கொண்டது என்று நாம் சொன்னால் தவறாகாது. எப்படியோ, செய்ய முடியாத காரியம் அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1933-ல் திறந்த விசாகப்பட்டினம் துறைமுகத்தில் பழைய கப்பல்கள் இரண்டைக் கடலில் மூழ்கடித்து அலைக்குத் தடுப்பாக்கினார்கள். வரும் மணலைப் பிடிப்பதற்கென்றே ஒரு பள்ளம் வைத்தார்கள். அதில் விழும் மணலைத் தூர்வாரி நகரத்தின் கடற்கரைக்குக் கொண்டு சேர்க்கும் வழக்கம் இன்றுவரை உண்டு. துறைமுகமும் இருக்கலாம், கரையும் இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இது. டச்சுக்காரர்கள் 2011-ல் ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரே மூச்சில் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டிவிட்டு, அலையே அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டுவிட்டார்கள். கடலோடு நூற்றுக்கணக்கான வருஷம் மல்லுக்கட்டிய ஜனங்கள் அவர்கள். கல்லை விட மணலே நல்ல காவல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். துறைமுகத்தை இடி என்று நாம் கேட்கவில்லை. துறைமுகத் தொழிலாளி நம் தோழன். அவனுடைய வேலை நம் வேலை. எல்லா அரிப்புக்கும் துறைமுகம்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. புயல் காலத்தில் அலை மணலைப் பறித்துக் கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் திட்டாக வைப்பதும், கோடையில் அதே மணலைத் திருப்பித் தருவதும் இயற்கையான கொடுக்கல் வாங்கல். தரங்கம்பாடியில் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போனதற்கு எந்தத் துறைமுகக் காண்டிராக்டரையும் குற்றம் சொல்ல முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தது புயல்தான். இப்போது பூமி சூடாகிக் கடலும் ஏறுகிறது: 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது, வேகமும் கூடி வருகிறது. இவ்வளவும் இருக்கும்போது, வருகிற மணலையும் நிறுத்தினால் கரை எதைக் கொண்டு தாங்கும்? மத்திய சர்க்காரின் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரை எடுத்த கணக்கை 2018-ல் வெளியிட்டது. நாட்டின் கடற்கரையில் 33 சதவீதம் அரிக்கப்படுகிறது, தமிழ்நாட்டில் 41 சதவீதம் என்று அதில் கண்டிருக்கிறது. இது எதிர்க்கட்சிக்காரன் எழுதிய கணக்கு அல்ல.

கடலோரத்தான் பிரச்சினை நமக்கென்ன என்று நஞ்சை வேலைக்காரன் நினைக்க வேண்டாம். மணல் வாய்க்காலின் தலைப்பு ஆற்றில் இருக்கிறது. 1934 முதல் காவிரியின் வண்டலில் பெரும் பங்கு மேட்டூரில் தங்குகிறது. அணை வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் அணைக்குக் கீழே மிஞ்சிய மணலையும் கொள்ளிடத்திலும் பாலாற்றிலும் இரவும் பகலும் யந்திரம் வைத்து அள்ளி லாரியில் ஏற்றுகிறார்கள். ஆற்றுப் படுகை தாழ்ந்தால் கிணறு வற்றுகிறது. முகத்துவாரத்தில் உப்பு நீர் மேலே ஏறுகிறது. கடலுக்குப் போக வேண்டிய மணலும் போவதில்லை. ஒரே களவு, மூன்று நஷ்டம். வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பகுதியில், நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் 1960-களின் இறுதியிலேயே உப்பு நீர் உள்ளே புக ஆரம்பித்துவிட்டது. உப்பு ஏறிய வயலில் முதலில் வேலை இழப்பவன் மிராசுதார் அல்ல, கூலிக்காரன்.

நாகப்பட்டினம் பக்கத்து விவசாயத் தொழிலாளிகளுக்கு இறால் பண்ணைகளின் கதை மறந்திருக்காது. கம்பெனிகள் கடலோர நிலத்தை வளைத்து உப்பு நீரைத் தேக்கின. நட வேலை போயிற்று, குடிநீர் கெட்டது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1996 டிசம்பரில் கோர்ட்டு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருக்கும் அப்படிப்பட்ட பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. பார்லிமெண்ட் என்ன செய்தது? 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று ஒரு சட்டம் போட்டு, அந்தத் தடை அத்தகைய பண்ணைகளுக்கு எப்போதுமே இல்லாததுபோல் 1991-க்கே முன்தேதியிட்டுத் திருத்தியது!

கரையை நிர்வகிக்கும் லட்சணம் இதுதான். 1981-ல் பிரதமராக இருந்த இந்திரா காந்தி, ஏற்ற அலை வந்து தொடும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் வேண்டாம் என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரியில் அது கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையாக வந்தது. அதைத் திருத்தித் திருத்தி, 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று என்று புது அறிவிக்கைகள் போட்டார்கள். ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத தூரம் 200 மீட்டராக இருந்ததை 2019-ல் 50 மீட்டராக்கினார்கள். குடிசைக்காரனுக்கு வசதி என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். நல்லது. ஆனால் 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்து, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, 2005 மார்ச்சில் மாநில சர்க்கார் போட்ட உத்தரவு என்ன? 200 மீட்டருக்குள் இருக்கும் மீனவன் இடத்தை விட்டுப் போக விரும்பாவிட்டால், வீடு கட்ட உதவி கிடையாது! கடல் கிட்ட இருப்பது அபாயம் என்றார்கள். மீனவன் உள்ளே போனதும் அபாயம் பதினான்கு வருஷத்தில் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. காலியான இடத்தில் யார் கட்டடம் எழுப்புவார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

சுனாமியின்போது அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடு அப்படியே இருந்த இடங்களில் தண்ணீரின் வேகம் குறைந்தது என்பதைக் கரையோர ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். அந்த மேடு, கடல் கேட்கும்போது கரை எடுத்துக் கொடுக்கும் சேமிப்பு. அதைச் சமன் செய்து பங்களாவும் ரோடும் போட்டவர்களுக்கு அனுமதி கொடுத்த அதே ஆபீசுகளில்தான் பிறகு கல் கொட்டவும் எஸ்டிமேட் போடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இது. எந்தத் துறைமுகமானாலும், சர்க்கார் துறைமுகமோ தனியார் துறைமுகமோ, தன் சுவருக்குத் தெற்கே எவ்வளவு மணலை நிறுத்துகிறதோ அவ்வளவையும் தன் செலவிலேயே வடக்கே கொண்டு சேர்க்க வேண்டும். அந்தச் செலவைக் கப்பல் கட்டணத்தில் சேர்த்து வசூலித்துக் கொள்ளட்டும். இப்போது அந்தச் செலவைக் குப்பத்து ஜனங்கள் வீடாகவும் படகாகவும் கட்டிக் கொண்டிருக்கிறார்கள்; கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது வருவதில்லை. எண்ணூரில் 2001 முதல் ஒரு துறைமுகம் நடக்கிறது, அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்துவிட்டது, அதையும் பெரிதாக்கும் திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் போராடி வந்திருக்கிறார்கள். அங்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய மணல் திட்டு. வடக்கே மணல் போக என்ன ஏற்பாடு, வருஷத்துக்கு எத்தனை கன மீட்டர், தவறினால் யார் தண்டம் கட்டுவது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு கல்லைக் கூடக் கடலில் இறக்க விடக் கூடாது. புதுச்சேரி சர்க்காரும் தமிழ்நாடு சர்க்காரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பங்கு பேச வேண்டும். ட்வீட் ஆற்றுக்காரர்கள் பேசினார்களே. தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொண்டு போய்க் கொட்டுவதையும் நிலம் மேடாக்க விற்பதையும் நிறுத்த வேண்டும். கல் கொட்டுவதானால், அது முடியும் இடத்தில் இருக்கும் அடுத்த குப்பத்தாரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்ட பிறகே கொட்ட வேண்டும்.

இதற்குச் சர்க்கார் "ஆய்வு நடக்கிறது" என்று பதில் சொல்லும். நடக்கட்டும். கூடவே குப்பங்களும் ஓர் ஆய்வு நடத்தலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அலை எட்டாத இடத்தில், கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில், கெட்டியாக ஒரு கல் தூண் நடுங்கள். மாதந்தோறும் பௌர்ணமியன்று ஏற்ற அலை எட்டும் இடத்துக்கும் தூணுக்கும் உள்ள தூரத்தை ஒரே கயிற்றால் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஐப்பசி அளவைச் சித்திரை அளவோடு ஒப்பிடக் கூடாது. மழைக்காலத்தில் கரை குறைந்து கோடையில் திரும்புவது வழக்கம். இந்தச் சித்திரையை அடுத்த சித்திரையோடு ஒப்பிட வேண்டும். அடுத்த குப்பத்துக்கும் நோட்டைக் காட்டி, அவர்களையும் ஒரு தூண் நடச் சொல்லுங்கள். காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை இப்படி இருபது நோட்டுப் புத்தகங்கள் சேரட்டும். துறைமுகத்துக்குத் தெற்கே எத்தனை அடி கூடிற்று, வடக்கே எத்தனை அடி குறைந்தது என்ற கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம்.